நோம்பிக்கு விட்ட லீவு

திருச்செங்கோட்டு வைகாசி விசாகத் தேர் சில வருடம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே ஓடிவிடும். சில வருடம் திறந்த கையோடு ஓடும். பௌர்ணமி எந்தத் தேதியில் விழுகிறதோ அதைப் பொறுத்தது. மே மாதத்திலேயே வந்துவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லை. ஜூனில் வந்தாலோ, புது வருகைப் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே பாதிப் பெயர்களுக்கு நேரே ஆப்சென்ட். அர்த்தநாரீஸ்வரர் மலையை விட்டு இறங்கி ஊருக்குள் வந்திருக்கும் நாளில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? "தேரு நெலைக்கு வந்து சேரட்டுங்க டீச்சர், மக்யா நாளே கூட்டியாந்து உட்டுர்றனுங்க" என்பார்கள். சொன்னபடியே கூட்டி வந்தும் விடுவார்கள்.

திருச்செங்கோட்டைச் சுற்றியுள்ள ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் ஆசிரியையாகவும் பிறகு தலைமை ஆசிரியையாகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சேலத்தில் குகை என்னும் பகுதியில் தறிக்காரர் வீட்டில் பிறந்து, இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள். அந்தத் தாய்மார்களோடு நான் ஒரு நாளும் வழக்காடியதில்லை. இந்தச் சமவெளியில் நோம்பி என்று நாங்கள் சொல்லும் திருவிழாதான் மூத்தது; பள்ளிக்கூடம் அதற்கு வெகுகாலம் பின்னால் வந்தது. எந்த மாதம் அம்மாவைப் பெற்ற அப்பிச்சி ஊருக்குப் போவது, எப்போது குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவது, எந்த வாரம் காவிரிக்குக் குளிக்கப் போவது என்றெல்லாம் குடும்பங்கள் போட்டு வைத்திருந்த வருடக் கணக்கின் மேல்தான் லீவுப் பட்டியல் வந்து உட்கார்ந்தது. இரண்டும் பொருந்திய காலத்தில் பிள்ளைகள் படிக்கவும் செய்தார்கள், சொந்தபந்தங்களோடும் வளர்ந்தார்கள். பொருந்தாதபோது ஒன்று பள்ளிக்கூடம் காலியாகும், இல்லையென்றால் வீடு காலியாகும். இரண்டையும் பார்த்தவள் என்பதால் இந்த வரலாற்றை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இருந்த நாளில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு விசேஷமும் கிடையாது. அமாவாசை, பௌர்ணமி, அவற்றுக்கு அடுத்த பிரதமை, நடுவில் அஷ்டமி என்று நிலாவைப் பார்த்துத்தான் வாத்தியார் லீவு விடுவார். ஞாயிறும் கோடை விடுமுறையும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தோடு வந்தவை. வெள்ளைக்காரருக்குச் சித்திரை வெயில் ஆகாது. சென்னை ராஜதானி அரசாங்கமே கோடையில் ஊட்டிக்குக் குடிபெயர்ந்தது. உயர் நீதிமன்றத்துக்கு இன்றைக்கும் மே மாதம் விடுமுறை. சேலத்துக்காரர்களுக்கு ஊட்டி தூரம், ஏற்காடு பக்கம். 1820 முதல் 1829 வரை இங்கே கலெக்டராக இருந்த டேவிட் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்தார். அவருக்குப் பின்னால் தோட்டங்களும் பங்களாக்களும் தேவாலயங்களும் வந்தன. 1917இல் மாண்ட்போர்ட் பள்ளி வந்தது. அடிவாரத்தில் வெயில் கொளுத்த, மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடக்கும் ஒரு ஊர் உருவாயிற்று.

ஆனால் அந்த ஆட்சிக்குள்ளேயே யோசித்தவர்களும் இருந்தார்கள். 1882இல் அமைந்த ஹண்டர் கல்விக் குழு, தொடக்கப் பள்ளிகளுக்குப் பள்ளி நேரத்திலும் வருடத்தில் எந்தப் பருவத்தில் பிள்ளைகள் வர வேண்டும் என்பதிலும் முடிந்த அளவு நெகிழ்வு வேண்டும், முக்கியமாக விவசாயக் கிராமங்களில் வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஒரு தலைமை ஆசிரியையாக இதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே சிலிர்த்தது. எங்கள் பக்கம் மானாவாரி நிலம். ஆடிப் பட்டத்தில் கடலைக்காய் போட்டால் ஐப்பசி, கார்த்திகையில் பறிப்பு. அந்த வாரங்களில் கடலைக்கொடி ஆயத் தாயும் பாட்டியும் போனால் கைக்குழந்தையை வைத்துக்கொள்ள மூத்த பெண் வீட்டில் இருந்தாக வேண்டும். அரைப் பரீட்சைக்கு முந்தின மாதம் அது. பட்டியலில் அதற்கு லீவு இல்லை. பிள்ளைகள் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். இதைச் சரிசெய்ய 140 வருடத்துக்கு முன்பே ஒரு குழு வழி சொல்லியிருக்கிறது.

கோடை லீவு என்றால் குகைத் தெருவில் எங்களுக்குத் தார், அதாவது தறி நாடாவுக்குள் போகும் ஊடை நூல், சுற்றும் காலம். விடியும் முன்பே தெருவின் நீளத்துக்குப் பாவு நூலை நீட்டி, இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டிவிடுவார்கள். கஞ்சி போட்டு, இழை இழையோடு ஒட்டிக்கொள்ளாமல் தேய்த்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்ட வேண்டும். அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிச்சுப் போடுவது பெண்களின் கண்ணுக்கும் விரலுக்கும் உரிய வேலை. மழை வந்தால் அன்றைய பாவு போயிற்று. அதனால் மழை இல்லாத சித்திரையில் எல்லா வீட்டிலும் பாவு சேரும், தறி ஓயாது, ஓயாத தறிக்குத் தார் போதாது. லீவு விட்ட மறுநாளே பிள்ளைகள் ராட்டை முன்னால் உட்கார்ந்துவிடுவோம். வலது கை ராட்டையைச் சுற்ற, இடது கை விரலிடுக்கில் நூல் ஓடித் தார்க்குச்சியில் ஏறும். நடுவில் தடித்து இரண்டு முனையிலும் மெலிந்து வர வேண்டும். ஒரு பக்கமாக ஏறிவிட்டால் நாடாவுக்குள் சிக்கிக்கொண்டு தறி நின்றுவிடும். தறிக்குழியிலிருந்து அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், திட்டமாட்டார். ஜூனில் பள்ளிக்குப் போகும்போது ஆள்காட்டி விரலில் நூல் ஓடிய கோடு இருக்கும். எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு இருந்தது.

கூலி கிடையாது. சாயங்காலம் சின்னக் கடைவீதியிலிருந்து அப்பா வாங்கி வரும் மாம்பழம் உண்டு. குண்டு, மல்கோவா, இமாம்பசந்து என்று ரகம் ரகமாக வரும் அந்தச் சேலத்து மாம்பழத்தைத் தறிக்கூடத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதுதான் எங்கள் கோடைவிழா. தறிக்கு வேலை கொடுக்கும் மாஸ்டர் வீவர் கணக்கு முடித்துக் கையில் காசு கொடுத்தால் ஒரு நாள் ஏற்காடு.

இந்தத் தார் சுற்றலைப் பற்றி மாநிலமே ஒருமுறை சண்டை போட்டது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவரும், 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியவருமான ராஜாஜி, முதலமைச்சராக இருந்த 1953இல் ஒரு திட்டம் கொண்டுவந்தார். கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாதி வேளை படிப்பு. மீதி வேளை வீட்டில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். ஈரோட்டுக்காரரான பெரியார் இதைக் குலக்கல்வித் திட்டம் என்று சொல்லி எதிர்த்தார். மாநிலமெங்கும் கிளர்ச்சி. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். மே மாதத்திலேயே, பள்ளிகள் விடுமுறையில் இருக்கும்போதே, திட்டம் கைவிடப்பட்டது. நான் பெரியார் பக்கம்தான். தார் சுற்றிய விரலோடு சொல்கிறேன்: கோடையில் அப்பாவுக்கு ஒத்தாசை செய்வது வேறு, அரசாங்கமே பாதிப் பள்ளியை எடுத்துக்கொண்டு இவன் தறிக்காரன் மகன் தறிக்குத்தான் என்று எழுதிவைப்பது வேறு. முழு நாள் பள்ளிக்கூடம் இல்லாமல் போயிருந்தால் நான் டீச்சராகியிருக்க மாட்டேன். 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டத்திலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் பிள்ளை வீட்டுக்கு உதவலாம் என்று இடம் வைத்திருக்கிறார்கள். விடுமுறை என்ற சொல் சட்டத்துக்குள்ளேயே ஏறிவிட்டது. அந்த இடம் எவ்வளவு சீக்கிரம் அகலமாகும் என்பதை ஒரு விசைத்தறி ஊரில் வேலை பார்த்த எந்த ஆசிரியரும் அறிவார்.

காமராஜர் காலத்து மதிய உணவும், 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவும் லீவுக்கு இன்னொரு அர்த்தம் கொடுத்தன. பள்ளி மூடினால் மதியச் சாப்பாடும் இல்லை. ஏப்ரல் கடைசியில் எல்லாப் பிள்ளைகளும் துள்ளிக்கொண்டு ஓடும்போது ஓரிரு பிள்ளைகள் சத்துணவு ஆயாவையே சுற்றிச் சுற்றி வருவதை நான் பார்த்திருக்கிறேன். சத்துணவு முட்டைக்குப் பேர்போன நாமக்கல் பண்ணைக்காரர்களுக்கும் மே மாதம் வந்தது தெரியும். சத்துணவுக்குப் போகும் முட்டை நின்றுவிடும்.

ஊர் சுற்றும் கதைக்கு வருகிறேன். எங்கள் குகைத் தெருவுக்கு விருந்தாளிகள் கூட்டம் கூட்டமாக வருவது ஆடியில். கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டினால் நகரத்து மாரியம்மன் கோயில்கள் எல்லாவற்றிலும் திருவிழா. கம்பம், கூழ், பொங்கல், மாவிளக்கு, உருளுதண்டம். குகையில் வண்டி வேடிக்கை. சிவனாகவும் பார்வதியாகவும் முருகனாகவும் வேஷம் கட்டிய மனிதர்கள் அலங்கார வண்டிகளில் அசையாமல் உட்கார்ந்து வருவார்கள். தெரிந்த முகத்தைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகள் வண்டியோடு வண்டியாக ஓடுவோம். போஸ் மைதானத்தில் பொருட்காட்சி. ஆத்தூர், ராசிபுரம், ஓமலூர் எல்லாப் பக்கத்திலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து மொட்டை மாடியில் படுத்திருப்பார்கள். தறிச் சத்தம் அடங்கிக் கிடக்கும் வாரம் வருடத்தில் அது ஒன்றுதான். பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை ஒரு நாள். கலெக்டர் அறிவிப்பார், அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி வைக்கச் சொல்வார். இன்றும் அந்த வழக்கம் உண்டு. 1997இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டத்திலோ ஆடிப் பதினெட்டை ஒட்டிக் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா. அதற்கும் அப்படியே லீவு. மாவட்டம் இரண்டானதும் லீவும் இரண்டானது. எல்லையோர ஊர்களில் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் பாடு திண்டாட்டம்: அண்ணன் பிள்ளைகளுக்கு லீவு, தங்கை பிள்ளைகளுக்குப் பள்ளி.

ஏற்காட்டுப் பயணம் ஒரே நாளில் முடியும். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு முதல் பஸ். மலைச் சாலையை நெருங்குகையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு வரும். 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டூடியோ. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் அந்த நிறுவனம் எடுத்ததுதான். பஸ் அந்த வளைவைக் கடக்கும்போது வண்டி முழுக்க ஒரே பக்கம் சாயும், யாராவது நடிகர் தென்படுவாரா என்று. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் எங்கள் அம்மா எலுமிச்சம்பழத்தை முகர்ந்தே தீர்த்திருப்பாள். ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், பிறகு சேர்வராயன் குகைக் கோயில். லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்தைப் பார்த்து, "நம்ம தெரு எதுங்கப்பா?" என்று கேட்போம். அப்பா ஏதோ ஒரு திசையைக் காட்டுவார். மே மாதத்தில் மலையாளிப் பழங்குடி மக்கள் சேர்வராயனுக்கு எடுக்கும் திருவிழா வெள்ளைக்காரர் மலையேறுவதற்கும் முந்தியது. இப்போது அதே மாதத்தில் அரசு நடத்தும் கோடைவிழாவில் மலர்க் கண்காட்சிக்கு வரும் கூட்டத்தில் பாதிப்பேர் அந்தக் கோயிலுக்குப் போகாமலே இறங்கிவிடுகிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு இறங்குங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

மேட்டூர் வேறு மாதிரி. 1925இல் தொடங்கி 1934 ஆகஸ்ட் 21 அன்று திறந்த அணை அது. கவர்னர் ஸ்டான்லி பெயரில் நீர்த்தேக்கம், முழு மட்டம் 120 அடி. ஆடியில் தண்ணீர் நிரம்பினால் பதினாறு கண் மதகைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். முனியப்பனுக்குக் கோழி அறுத்துப் பொங்கி, பூங்காவில் உட்கார்ந்து வறுத்த மீன் சாப்பிட்டு வருவது இந்தச் சீமையின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்த திட்டம். தண்ணீர் வற்றிய கோடைக்கு ஒரு தனிக் காட்சி உண்டு. அணை கட்டியபோது முழுகிப்போன ஊர்களின் சாட்சியாகப் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் கிறிஸ்தவக் கோயிலின் இரட்டைக் கோபுரமும் வெளியே தெரியும். பரிசலில் போய் நந்தியின் கொம்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். சேறு காய்ந்து வெடித்து, கல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது. பரிசல்காரர் தன் பாட்டனார் வீடு இருந்த திசை என்று தண்ணீரைக் காட்டினார். டெல்டாப் பாசனத்துக்கு அணை திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. கிட்டத்தட்ட அதே நாட்களில் பள்ளியும் திறக்கும். வகுப்பில் பிள்ளைகளைக் 'கோடை விடுமுறையில் நான்' என்று எழுதச் சொன்னால் நந்தியைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பதை வைத்தே அந்த வருடம் மழை எப்படி என்று சொல்லிவிடலாம்.

எடப்பாடிக்காரர்களின் பழனிப் பயணத்தைச் சொல்லாமல் விட முடியாது. காவடி எடுத்து, குடும்பம் குடும்பமாக நடந்து, பழனி மலைமேலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் தயாரித்து, ஓர் இரவு மலையில் தங்கும் உரிமை பல தலைமுறையாக அவர்களுக்கு உண்டு. எல்லாரும் தைப்பூசத்துக்குப் போய்த் திரும்பிய பிறகு அவர்கள் போவார்கள். 2021இல் தைப்பூசத்தைப் பொது விடுமுறையாக அறிவித்த முதலமைச்சர் அதே எடப்பாடியைச் சேர்ந்தவர். அந்த ஒரு நாள் அவர்களுடைய நடைக்குக் காணாது; நடையே பல நாள். அப்பாவின் தோளிலும் மாட்டுவண்டியிலுமாகப் போய்வந்த பிள்ளைகள் அந்த நாட்களுக்குப் பள்ளியில் லீவு லெட்டர் எழுதித்தான் கொடுத்தார்கள். அதற்காக எந்தப் பிள்ளையின் படிப்பும் கெட்டுப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

திருச்செங்கோட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான் லீவுக்கும் தொழிலுக்கும் இன்னொரு முரண் இருப்பதைப் பார்த்தேன். இந்த ஊர் ரிக் வண்டிகள் இந்தியா முழுக்க ஆழ்குழாய்க் கிணறு போடுகின்றன. கிணறு வற்றும் கோடைதான் ரிக்குக்கு உச்ச சீசன். ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் ராத்திரி பகலாக வண்டி ஓடும். பிள்ளைகளுக்கு லீவு விட்டிருக்கும் அதே ஏப்ரல், மே மாதங்களில் அப்பா ஊரில் இல்லை. சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர் வீடுகளாவது லோடு கிடைக்கிற திசையைப் பொறுத்து முன்னப்பின்ன ஆளைப் பார்க்கும். ரிக் வீட்டுப் பிள்ளைகள் வடக்கே மழை பிடித்து வேலை தணியும்வரை காத்திருக்க வேண்டும். ஆடி, ஆவணியில் அப்பா வருவார், பள்ளி நடந்துகொண்டிருக்கும். "அப்பா வந்திருக்காருங்க டீச்சர்" என்று மூன்றாம் வகுப்புப் பெண் வாசலில் நின்று சொல்வாள். அது லீவு கேட்பதுதான். போ கண்ணு என்றுதான் நான் சொல்வேன். அவர்கள் காவிரிக்கரை ஜேடர்பாளையம் போவார்கள். தடுப்பணைப் பக்கம் குளித்து, பூங்காவில் ஊஞ்சலாடி, மீன் வாங்கிச் சாப்பிட்டு, சாயங்காலம் அப்பாவின் தோளில் தூங்கிக்கொண்டே திரும்புவாள். மறுநாள் வகுப்பில் அவள் வாய் ஓயாது. அன்று நான் பாடத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிடுவேன்.

இனிச் சொல்லப்போவது எனக்கு வலிக்கிற பகுதி. 1990களிலிருந்து நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரம் தங்கிப் படிக்கும் மெட்ரிக் பள்ளிகளுக்குப் பேர்போனது. பிளஸ் டூவில் மாநில ரேங்க் இங்கிருந்துதான் வரும் என்று தமிழ்நாடு முழுக்க நம்பியது. ராமநாதபுரம், விருதுநகர், கடலூரிலிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஒரு காலத்தில் இங்கிருந்தவர்கள் லீவுக்கு வெளியூர் போனார்கள். இப்போது வெளியூர்க் குடும்பங்கள் ஞாயிறுதோறும் இங்கே வரத் தொடங்கின. ராத்திரி பஸ் ஏறி விடியற்காலம் நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கேயே பல் துலக்கி முகம் கழுவி, டிபன் கேரியரோடு பள்ளி வாசலுக்குப் போவார்கள். என் கொழுந்தனார் மகனைப் பார்க்க நானும் அப்படி ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் அம்மா வறுத்த மீனைப் பொட்டலம் கட்டி வந்திருந்தாள். பையன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அப்பா வாரத் தேர்வு மார்க்கைக் கேட்டார். பையன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். அந்த அம்மா, "சாப்பிட்டு முடிக்கட்டும்ங்க" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அவளுக்கு அவனோடு கிடைத்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

அந்தப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த சூட்டோடு அடுத்த வகுப்பு தொடங்கிவிடும். பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே பிளஸ் டூ பாடத்தை இரண்டு வருடம் ஓட்டினார்கள். கோடை விடுமுறையில் வகுப்பு நடத்தக் கூடாது என்று கல்வித்துறை சுற்றறிக்கை விட்டுக்கொண்டே இருந்தது. ஸ்பெஷல் கிளாஸ் நடந்துகொண்டே இருந்தது. 2017இல் மாநில ரேங்க் அறிவிப்பை அரசு நிறுத்தியது. 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தது. இரண்டும் சரியான முடிவுகள். ஆனால் அதே 2017இல் நீட் வந்தது. பெரும்பாலும் மே முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் அந்தத் தேர்வு கோடை லீவின் தொடக்கத்தையே எடுத்துக்கொண்டது. ஒரு வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால் அந்த வருடம் அந்த வீட்டுக்கு ஏற்காடும் இல்லை, தேர் நோம்பியும் இல்லை, அப்பிச்சி ஊரும் இல்லை. தங்கைக்கும் தம்பிக்கும் சேர்த்தே இல்லை. பெரியவர்கள் துக்க வீட்டுக்குப் போனால்கூட ஒருவர் பிள்ளைக்குக் காவலாக வீட்டில் இருப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். அந்தக் குடும்பங்கள் பெரும்பாலும் தறிக்காரர்களும் லாரிக்காரர்களும் சின்ன விவசாயிகளும்தான். தங்களுக்குக் கிடைக்காத படிப்பு பிள்ளைக்குக் கிடைக்கட்டும் என்று கடன் வாங்கி ஃபீஸ் கட்டியவர்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த ஆசையை வைத்து ஒரு பிள்ளையின் அத்தனை கோடைகளையும் விலை பேசியவர்கள்மேல் கோபம் உண்டு.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அவ்வளவு நீண்ட லீவில் யாரும் எங்கும் போகவில்லை. பல பிள்ளைகள் விசைத்தறிக்குப் போய்விட்டார்கள், வீடு வீடாகப் போய்த் திரும்பக் கூட்டிவந்தோம். 2021 மே மாதம் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. நிலைமை தணிந்த பிறகு வந்த கோடையில் அதன் பலனைக் கண்ணால் பார்த்தேன். யாரிடமும் காசு கேட்காமல், இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, "அம்மா ஊட்டுக்குப் போய்ட்டு வர்றனுங்க" என்று பஸ் ஏறும் பெண்கள். எந்தச் சுற்றுலாத் திட்டமும் இந்த ஊர்களின் லீவை இவ்வளவு மாற்றியதில்லை. 2023இல் வெயில் காரணமாகப் பள்ளித் திறப்பு, ஆறாம் வகுப்பிலிருந்து ஜூன் 12க்கும் தொடக்க வகுப்புகளுக்கு ஜூன் 14க்கும் தள்ளிப்போனது. 2024இல் ஜூன் 10. அந்த இரண்டு அறிவிப்பும் வந்த அன்று தாய்மார்கள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: வெயிலுக்குத் தள்ளிவைக்க முடிகிறது, தேருக்கு ஏன் முடியாது?

முடியும் என்பதுதான் பதில். 2009ஆம் வருடக் கட்டாயக் கல்விச் சட்டம் ஐந்தாம் வகுப்புவரை 200 நாள், ஆறு முதல் எட்டுவரை 220 நாள் பள்ளி நடக்க வேண்டும் என்கிறது. எந்த நாட்கள் என்று சொல்லவில்லை. அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு, கல்வி ஆண்டு நாட்காட்டியைத் தீர்மானிப்பதை உள்ளாட்சியின் கடமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஹண்டர் குழு சொன்னதுதான், இம்முறை சட்டமாக. பெற்றோர் பெரும்பான்மையாக உட்காரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறது. சித்திரை மாதம் ஒரு கூட்டம் போட்டு அந்த வருடத்துக் கணக்கைப் பேசிவிட்டால், ஒன்றிய அளவில் உள்ளூர் விடுமுறைகளை வகுத்து, சனிக்கிழமைகளால் ஈடுகட்டலாம். 200 நாளில் ஒரு நாள்கூடக் குறையாது.

நான் வேலையில் இருந்த கடைசிக் காலத்தில் மேலாண்மைக் குழுத் தாய்மார்களிடம் இதைப் பேசச் சொன்னேன். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. லீவு என்பது மேலிருந்து வருவது என்றே பழகியிருந்தார்கள். பிறகு ஒரு அக்கா தேர் என்றாள். இன்னொருத்தி கடலைக்காய் பறிப்பில் ஒரு வாரம் என்றாள், அதற்குப் பதில் கோடையில் ஒரு வாரம் முன்னாடியே பள்ளி திறக்கட்டும் என்று அவளே சொன்னாள். வெயிலில் பிள்ளைகள் எப்படி வருவார்கள் என்று மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். காலை வேளை மட்டும் வைக்கலாம் என்று முடிவாயிற்று. ஆடிப் பதினெட்டுக்கு ஒரு நாள் போதாது, காவிரிக்குப் போய்த் திரும்ப அடுத்த நாளும் வேண்டும் என்றார்கள். கடைசியில் இதுவரை பேசாமல் இருந்த ஒரு இளம்பெண், ரிக் டிரைவரின் மனைவி, எழுந்து நின்று, ஒவ்வொரு பிள்ளைக்கும் அவங்கவங்க அப்பா ஊருக்கு வருகிற சமயம் இரண்டு நாள் தனி லீவு தரலாமா என்று கேட்டாள். அது எந்தப் பட்டியலிலும் அடங்காத லீவு. தீர்மானப் புத்தகத்தில் அதை முதலாவதாக எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினேன்.